மஞ்சள் கயிறு கட்டிய கன்றுகள்

அடையாறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு தரிசு நிலம் இருந்தது. நான் பாடம் நடத்திய பெண்கள் கல்லூரியின் தாவரவியல் துறை அதில் ஒரு மூலைக்கு வேலி போட்டிருந்தது. ஆடும் விறகுக் கத்தியும் ஒரு வருடம் நுழையாவிட்டால் இந்த மண்ணின் பழைய செடிகளில் எவை தாமாகத் திரும்பி வரும் என்று மாணவிகள் கண்டறிய வேண்டும். பொறுப்பு என்னுடையது. எழுபதுகளின் தொடக்கம். என் மகனுக்கு இரண்டு வயது, அடிக்கடி இளைப்பு வரும். அவனை மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறும்போதெல்லாம், போவது சரிதானா என்ற கேள்வியும் கூடவே ஏறும்.

மற்றப் பெண்கள் மதிப்பெண்ணுக்காக வந்தார்கள். மயிலாப்பூர்ப் பெண் ஒருத்தி மட்டும் அப்படியில்லை. அவளுக்கு வரன் அமைந்திருந்தது. இந்த ஆராய்ச்சி நல்லபடி முடிந்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு மேலே படிக்க வைப்பதாக அவள் அப்பா சொல்லியிருந்தார்.

முளைத்த கன்றுகளுக்கு அடையாளம் வேண்டும். சுண்ணாம்பு மழையில் கரைந்தது. வெள்ளை நூல் கண்ணில் படவில்லை. அவள் மாட வீதியில் மஞ்சள் கயிறு வாங்கி வந்து, களா, காரை, சூரை என்று ஒவ்வொரு கன்றிலும் தளர்வாகக் கட்டினாள். வெயிலில் வெளுத்ததும் புதிதாகக் கட்டுவாள். எங்களுக்குச் செய்முறை வகுப்பு வெள்ளிக்கிழமைகளில். அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

தேர்வு விடுமுறை முடிந்து நானும் அவளும் போனபோது வேலிப் படல் திறந்து கிடந்தது. உள்ளே தரையைப் பெருக்கி, சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். வேலி போடும் முன்பே இருந்த ஆளுயரக் களா ஒன்று மட்டும் நின்றது. அதன் கிளையெல்லாம் மஞ்சள் கயிறு. ஒரு கிளையில் சின்னத் துணித் தொட்டில். கன்று ஒன்றுகூட இல்லை.

பக்கத்துக் குப்பத்து அம்மாள் துடைப்பத்தோடு வந்தார். “வாம்மா. வெள்ளிக்கெயமயானா வந்து கயிறு கட்டினு போவீங்களே, பாத்துக்கினுதான் இருந்தோம். அம்மன் இங்க கீதுன்னு அப்பாலதான் தெரிஞ்சுது.”

“கீழே சின்னச் செடியெல்லாம் இருந்ததே?” என்றேன்.

“முள்ளுச் செடியா? புள்ளத்தாச்சிங்க சுத்தி வர்ற எடம், கால்ல குத்தாது? புடுங்கிட்டேன். உங்க கயித்த மட்டும் பத்திரமா எடுத்து மரத்துல கட்டிட்டேம்மா.” நல்லது செய்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு தொட்டிலைத் தொட்டுக் காட்டினார். “இது என் பொண்ணுது. ரெண்டு தங்கல. இதாவது தங்கணும்.”

கயிறுகளை அவிழ்த்துவிட்டு வேலியை மறுபடி அடைக்கச் சொல்லலாமா என்று என் மாணவியிடம் மெல்லக் கேட்டேன்.

“வேணாம் மிஸ். புடுங்கினது திரும்ப வரப்போறதில்லை. அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாம அவுத்ததாலன்னுதான் சொல்லுவா.” கிளையில் தொங்கிய கயிறுகளைப் பார்த்து, “தாலி ஏறறதுக்கு முன்னாடியே இத்தனை மஞ்சக் கயிறு கட்டினவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்” என்றாள். நானும் சிரித்துவைத்தேன்.

அவள் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். இன்னொரு வருடம் கொடுங்கள் என்றேன்.

“ஒண்ணும் மொளைக்கலையாமே?”

“முளைத்தது. பிடுங்கிவிட்டார்கள்.”

“அப்போ காட்டறதுக்கு ஒண்ணும் இல்லைதானே” என்றார், மரியாதையாகத்தான். காபி வந்தது. இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாமோ, என்னவோ. மகனுக்கு மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

ஆவணியில் கல்யாணம். மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். தாலி கட்டி முடிந்ததும் அவள் தலை நிமிர்ந்து கூட்டத்தில் யாரையோ தேடினாள். நான் குனிந்து, மகனின் சட்டையில் ஏற்கெனவே போட்டிருந்த பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டேன்.