கழுத்து வலி

தொலைக்காட்சியில் குதிரை நடனப் போட்டி. குதிரையின் மோவாய் அதன் நெஞ்சில் இடிக்கும்படி லகானை இழுத்துப் பிடித்திருந்தார்கள். அதன் வாயில் நுரை. "என்ன நளினம்!" என்றார் வர்ணனையாளர்.

அந்த நுரையை நான் தென்காசியில், சித்தியின் கல்யாணத்தன்று பார்த்திருக்கிறேன். தாலி கட்டுவது குற்றாலம் கோயிலில். மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய குதிரை வண்டியில், வளைந்த கழுத்துதான் அழகென்று குதிரையின் தலையை வாரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"வார அவுத்து விடுங்க. அப்பந்தான் ஏறுவேன்" என்றாள் சித்தி.

"பொண்ணுன்னா தல குனிஞ்சு நிக்கணும். இவ என்ன பேச்சு பேசுதா!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"கழுத்து வலிக்குது மாமா. அதுக்கும், எனக்கும்."

கல்யாணம் நின்றால் பாயசம் போய்விடுமே என்று நான் அழுதேன். முகூர்த்தம் நெருங்கவே, மாப்பிள்ளையின் அப்பாவே வாரை அவிழ்த்தார்.

மணவறையிலும் சித்தி தலை குனியவில்லை. மாப்பிள்ளை எக்கித்தான் தாலி கட்டினார்.