பஸ் கண்ணாடியில் ஒரு சிவப்பு அம்பு

எங்கள் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி ஒன்றில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஷூ கம்பெனியில் வேலை செய்தவர்களுக்கு அதைத் தெரியும். தோலில் எங்கே கீறல், எங்கே தையல் பிசகு என்று காட்ட செக்கிங்கில் ஒட்டுவார்கள். இந்த அம்பு மட்டும் பாலாற்றைக் காட்டுகிறது. ஒட்டியவர் எங்கள் செக்கிங் அக்கா.

மணலையே பார்த்துப் பழகிய பாலாற்றில் தண்ணீர் ஓடிய வருஷம் அது. விடியற்காலை ஷிஃப்டுக்கு மாதனூர்ப் பாலத்தின் முனையில் ஆள் ஏற்ற பஸ் நின்றபோது, அக்கா ஒரு பறவையைப் பார்த்தார். கறுப்பும் வெள்ளையுமாக, கீழலகு மேலலகைவிட நீண்டு, அந்த அலகால் தண்ணீரைக் கீறிக்கொண்டே பறந்ததாம். எங்களுக்குக் காட்டும் அவசரத்தில் பையிலிருந்த அம்பை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினார். நாங்கள் எட்டிப் பார்ப்பதற்குள் ஆற்றில் ஒன்றுமில்லை. காக்காவுக்கும் ஒரு அம்பு ஒட்டச் சொல்லி அன்று முழுக்க அவரை ஓட்டினோம்.

பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அக்கா அதை எழுதினார். இந்தப் பக்கம் அது வந்ததே இல்லையே, போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லாததால் ‘உறுதி செய்யப்படாதது’ என்று போட்டார்கள். இங்கே வழக்கமாக வரும் ஆற்று ஆலாப் பறவை என்று மாற்றினால் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். அக்கா மாற்றவில்லை.

“பார்க்காத பீஸுக்கு அவங்க எப்படி பாஸ் போடுவாங்க? பார்த்த பீஸை நான் எப்படி ரிஜெக்ட் பண்றது?”

அதன்பின் குழுவில் அவர் எது எழுதினாலும் யாராவது சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பொய்க்காரி என்ற பேர் அவரை உள்ளுக்குள் அரித்தது. ராணிப்பேட்டைக்குக் குடிபோன அன்றும் அதைச் சொல்லித்தான் வருத்தப்பட்டார்.

அவர் சீட்டில் இப்போது நான் உட்காருகிறேன். போன மாசம் ஒரு விடியலில், அம்பு காட்டிய அதே இடத்தில் அது வந்தது. வாயைத் திறந்து, நீண்ட கீழலகைத் தண்ணீரில் வைத்து, ஆற்றின் மேல் நேராக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனது. போன் என் கையில்தான் இருந்தது, தூக்கத் தோன்றவில்லை. தோல் ஊறிய கழிவு கலக்கும் எங்கள் ஊர் ஆற்றுக்கு இப்படியும் ஒரு விருந்தாளியா என்று கண் கலங்கிவிட்டது.

டீ இடைவேளையில் அக்காவைப் போனில் கூப்பிட்டேன். பறவை திரும்பி, தான் கீறிய கோட்டின் மேலேயே மறுபடி பறந்து போனதைச் சொன்னேன்.

“அது திரும்பி வந்தத நானும் பார்த்தேன், யார்கிட்டயும் சொல்லலடி,” என்றார். “ஜாஸ்தியா கதை விடுறேன்னு சொல்லுவீங்கன்னு விட்டுட்டேன்.” அப்புறம் அழுதார்.

குழுவில் நானும் எழுதினேன். போட்டோ கேட்டார்கள். இப்போது அங்கே உறுதி செய்யப்படாதவை இரண்டு இருக்கின்றன.

கண்ணாடியில் அம்பின் ஓரம் உரிந்து வருகிறது. நேற்று செக்கிங்கில் புதிதாக ஒன்று வாங்கி வந்து, அதன் மேலேயே ஒட்டினேன்.