வேட்டியில் விழுந்த முகம்

1992ஆம் ஆண்டு, பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. காலை பத்து மணி. யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் மின்சாரம் நின்று இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. அன்றுதான் நல்லூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு புது புரொஜெக்டர் வந்தது.

கரண்ட் இல்லாத ஊரில் புரொஜெக்டர் எதற்கு என்று கேட்பீர்கள். எங்களுக்கு ஒரே மகன். ஜெர்மனிக்குப் போய் ஏழு வருடம். அதற்குள் வந்தவை பதினெட்டுக் கடிதங்கள், மூன்று போட்டோக்கள். அந்த முறை கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் கடிதத்தோடு ஒரு சின்னப் பெட்டியும் அனுப்பியிருந்தான். உள்ளே மட்டைச் சட்டம் போட்ட ஒன்பது ஸ்லைட்டுகள். 'சுவரில் பெரிதாக விழுத்திப் பாருங்கள், அம்மாவுக்கு வடிவாகத் தெரியும்' என்று எழுதியிருந்தான். அவன் போகும்போது இங்கே மின்சாரம் இருந்தது. அந்த வீடே அவன் நினைவில்.

என் மனைவிக்குச் சலரோகம், சர்க்கரை வியாதி. இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டே வந்தன. கொழும்புக்குக் கொண்டுபோனால் ஏதும் செய்யலாம், இல்லாவிட்டால் மாரிக்கு முன் முழுதாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயண அனுமதிக்கு நாலு தரம் அலைந்தேன், கிடைக்கவில்லை. ஸ்லைட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எனக்கு மகன் உளுந்தளவு தெரிந்தான். அவளுக்கு மட்டைச் சட்டம் மட்டும்தான் தெரிந்தது. ஒன்பதில் எட்டு, பனியும் ரயிலும் மருமகளும் குழந்தையும். படம் பிடிக்கிறவன் படத்தில் எப்படி இருப்பான்? ஏழாவதில் மட்டும் குழந்தையைத் தோளில் போட்டபடி அவன் நின்றான்.

பக்கத்து வீட்டில் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. அவர் படகு என்ஜின் திருத்துகிறவர். கடல் தொழில் முடங்கியதால் கை சும்மா இருக்க மாட்டாமல் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். என் மனைவியின் கதையைக் கேட்டு நாலாம் நாள் அந்தப் புரொஜெக்டரைக் கொண்டுவந்தார். பால்மா வந்த ஒரு தகர ரின், முன்னும் பின்னும் இரண்டு பூதக் கண்ணாடிகள், நடுவில் ஸ்லைட் செருக ஒரு வெட்டு. அவ்வளவுதான். மின்சாரத்துக்குப் பதில் சூரியன். முற்றத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஜன்னல் பலகையில் போட்ட ஓட்டை வழியாக வெயிலை ரின்னுக்குள் அனுப்புவது.

எனக்கு அதைப் பார்த்ததும் நம்பிக்கை வரவில்லை. "கண்ணாடி மின்னுறதைக் கண்டு மேலை சுத்துற ஆமி ஹெலிக்காரன் என்னெண்டு நினைப்பான்?" என்று கேட்டேன்.

"அக்கா பவுடர் பூசுறா எண்டு நினைப்பான். நீங்கள் ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டுங்கோ ஐயா" என்றார்.

சாக்குக் கட்டினோம். சுவரில் என் வெள்ளை வேட்டியை நாலு ஆணியில் இழுத்து அடித்தோம். ஸ்லைட்டைச் செருகுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கையில் கொடுத்தால் எனக்கு நிம்மதி இருக்காது. அவர் வெளியே கண்ணாடியைப் பிடித்தபடி எச்சரித்தார்: "பத்து எண்ணுறதுக்குள்ளை இழுத்துப் போடுங்கோ. சூட்டிலை கருகிப் போம்."

பத்து என்றால் நான் எட்டு என்று வைத்துக்கொண்டேன்.

முதல் படம் விழுந்தது. ரயில் ஒன்று தலைகீழாக. "அங்கை ரயில் எல்லாம் கூரையிலோ ஓடுறது?" என்று மனைவி சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. திருப்பிப் போட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும், வேட்டி முழுதும் நிறம் வந்து நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பனி அவ்வளவு வெள்ளை.

ஏழாவதைச் செருகினேன். "ஐயோ, தம்பி!" என்றாள் மனைவி; மகனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். என் கண் ஸ்லைட் செருகிய வெட்டிலும் கைக்கடிகாரத்திலும் இருந்தது. எட்டு எண்ணி இழுத்துவிட்டேன்.

"இஞ்சருங்கோ, இன்னும் ஒருக்கா."

"பொறும். சூடு ஆறட்டும். மற்ற ரெண்டையும் முதல் பார்ப்பம்."

எட்டும் ஒன்பதும் முடிந்தன. அதற்குள் வெயில் ஏறியிருந்தது. வெளியே அவர் கண்ணாடியைத் திருத்திப் பிடித்தார். திரும்ப ஏழாவதைப் போட்டேன். இந்த முறை இன்னும் பளிச்சென்று விழுந்திருக்க வேண்டும். அவள் கதிரையை விட்டு எழுந்து வேட்டிக்கு நேரே போய்விட்டாள். ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய நிழல் படத்தின் பாதியை மறைத்தது.

எனக்கு எரிச்சல். "தள்ளி நில்லுமப்பா! நிழல் விழுகுதெல்லோ! ஆரும் ஒண்டும் பார்க்கேலாமல்..."

அவள் அசையவில்லை. நான் இன்னும் ஏதோ சொன்னேன். கதிரையில் போய் இருக்கச் சொன்னேன். எங்கோ ஹெலியின் சத்தம் கேட்பதுபோல் இருந்தது. அதற்கும் சேர்த்துக் கத்தினேன். எண்ணுவது விட்டுப்போயிற்று.

"ஐயா, மணக்குது! இழுங்கோ!" என்று வெளியிலிருந்து அவர் குரல் வந்தபோதுதான் திரும்பினேன். ஸ்லைட்டின் நடுவில் ஒரு குமிழ் எழுந்து கபில நிறமாகப் பரவிவிட்டது. விரல் சுட்டும் இழுத்தேன். குழந்தையின் கால் மட்டும் மிச்சம்.

குருநகர்க்காரர் உள்ளே வந்து பார்த்துவிட்டுத் தன் பிழைபோல் தலையைக் குனிந்து நின்றார். அவள்தான் கதைத்தாள்.

"விடுங்கோ. நான் பார்த்திட்டன்." வேட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "முன்பல்லுத் தெரியச் சிரிக்கிறான். கன்னம் வத்திப்போச்சு. ஆனால் சிரிப்பு அப்பிடியே இருக்கு. நீங்களும் பார்த்தனீங்கள்தானே?"

"ஓம்" என்றேன்.

அது பொய். முதல் முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டாம் முறை அவளை ஏசிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சொன்னபடியே ஐப்பசிக்குள் அவளுக்கு இருட்டாகிவிட்டது. அதற்குப் பிறகும் மகனைப் பற்றிக் கதைக்கும்போது அவன் எப்படி நின்றான், குழந்தையின் தலையைக் கையால் எப்படித் தாங்கியிருந்தான் என்றெல்லாம் சொல்வாள். நான் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு மகன் வந்தான். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, வேறு ஒரு மனிதனாக.

நல்ல கண் இரண்டும் எனக்குத்தான் இருந்தன, ஆனால் அன்று என் பிள்ளையைக் கண்டவள் அவள்தான். ஒரு சாண் தூரத்தில் அவள் பார்த்த அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று உண்மையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள, இன்று எனக்கு அவளும் இல்லை.