சைக்கிள் சீட்டை இறக்கியவன் நான்

என் மகள் கிரேஸ் சேலையூரிலிருந்து தாம்பரத்துக்கு டைப்ரைட்டிங் கிளாஸ் போய்வர, பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். எங்கே விழுந்துவிடுவாளோ என்று பயந்து, இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற அளவுக்கு சீட்டை இறக்கிவைத்ததும் நான்தான்.

இரண்டு மாதத்தில், "முட்டிக்கு முன்னாடி வலிக்குதுப்பா. படி ஏறவே முடியல" என்றாள். கிளாசுக்கு மட்டம் போடப் பார்க்கிறாள் என்று திட்டினேன். அந்த ஞாயிறு சர்ச்சில் எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபிக்க, அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். தோளை அழுத்தி முழங்கால் போட வைத்தேன். அழுதாள். ஜெபத்தில் உருகுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டப் போனேன். கடைக்காரர் பார்த்தவுடன், "இன்னா சார், சீட்டு இவ்ளோ கீழ கீது? மிதிச்சா கால் நீளவே நீளாதே. முட்டி இன்னாத்துக்கு ஆவும்? யாரு சார் இறக்குனது?" என்றார்.

அவரிடம் ஸ்பேனரை வாங்கி, சீட்டை நானே உயர்த்தினேன்.

சீட்டை உயர்த்தி ஒரு மாதமாகிறது. வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. சர்ச்சில் அவள் உட்கார்ந்தேதான் ஜெபிக்கிறாள். யாராவது திரும்பி முறைத்தால், "அவ முட்டியைக் கெடுத்தது நான்தாங்க" என்று சொல்லிவிட்டு, அவளுக்கும் சேர்த்து நான் முழங்கால் போடுகிறேன்.