பேர் வெட்டிய தூக்குவாளி

என் பையில் இருக்கிற சாமான்களில் நான் வாங்காதது இந்தத் தூக்குவாளி ஒன்றுதான். எவர்சில்வர். ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். மூடியைக் கொஞ்சம் திருகி அழுத்தினால்தான் உட்காரும். வெளிப்புறத்தில் புள்ளி புள்ளியாக ஒரு பேர் வெட்டியிருக்கிறது. என் அக்கா தன் மகனுடைய ஞானஸ்நானத்துக்காக அருப்புக்கோட்டைப் பாத்திரக்கடையில் இதை வாங்கினாள். கடை வாசலில் பேர் வெட்டுகிற ஆளிடம் தன் பேரையோ அத்தான் பேரையோ சொல்லாமல், கைக்குழந்தையின் பேரைச் சொன்னாள். அந்தப் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. போகிற ஊரெல்லாம் வாளியைத் துணியில் சுற்றி எடுத்துப் போகிறேன், ஆனால் அதில் சாப்பிடுவதில்லை. வருஷத்தில் ஒரு நாள்தான் அதற்கு வேலை.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். கதிரறுக்கிற மிஷினோடு தஞ்சாவூர்ப் பக்கம் போயிருக்கிறேன், போர்வெல் போடுகிற லாரியோடு ஆந்திராவுக்குப் போயிருக்கிறேன், கேரளாவில் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்திருக்கிறேன். ஓரிடத்தில் தரிக்க முடியாத உடம்பு. வேலை போனால், காய்ச்சல் வந்தால், யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டால், அக்கா வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வேன். "வந்துட்டயா, கஞ்சி இருக்கு, குடி" என்பாள். ஏன் வந்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இறங்கி, கண்மாய்க் கரையோடு உள்ளே நடக்கிற ஊர். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அத்தான் சீக்கிரம் போய்விட்டார். காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய்த் தறிக்கொட்டகையில் நூல் சுற்றி அவள் மகனை வளர்த்தாள். பஸ் ஏறுவதற்கு முன்னால் கோயில். எங்கள் வேதக்கோயில் சின்னது. விடியற்காலையில் உபதேசியார் மணி அடிப்பார், ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள், அன்றைய வசனத்தை வாசித்து நாலு வார்த்தை பேசுவார், பரமண்டல ஜெபம் சொல்லி எழுந்து போவார்கள். பல் விளக்குவதைப் போல அது அவர்களுக்கு.

என் மருமகனுக்கு அதே ஊரில் ஒரு கூட்டாளி. அவர்கள் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீடு, ஆடும் மாடும் உண்டு, கும்பிடுகிற சாமி வேறு. அதனால் ஒன்றும் இல்லை. இரண்டு பயல்களும் எந்த வீட்டில் சோறு இருக்கிறதோ அந்த வீட்டில் தின்று வளர்ந்தார்கள். ஒருவனை ஒருவன் மாப்ளே என்பான். கூட்டாளி என் அக்காவை அத்தை என்பான், என் மருமகன் கூப்பிடுவதைப் பார்த்து என்னை மாமா என்பான். எங்கள் கோயிலில் அறுப்பு முடிந்தபின் அசனம் நடக்கும். ஊர் கூடி அண்டா அண்டாவாகச் சோறும் கறிக்குழம்பும் ஆக்கி, வருகிறவர்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் போடுவது. வர முடியாத வீட்டுக்குத் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுப்பது முறை. முதல் பந்தியில் முதல் இலை இந்த இரண்டு பேருக்கும்தான். "இவனுக ரெண்டு பேருக்கும் தனி ஆடு வெட்டணும்டா" என்று பரிமாறுகிறவர்கள் திட்டிக்கொண்டே போடுவார்கள்.

இரண்டு பேரும் வீரசோழன் சந்தைக்கு ஆடு விலை பேசப் போய்விட்டுத் திரும்பும்போது அது நடந்தது. பொழுது அடையும் நேரம். பைக்கை ஓட்டியவன் கூட்டாளி. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிப் பேசிக்கொண்டே ஓட்டியிருக்கிறான். வளைவில் நின்ற டிராக்டரைப் பார்க்கவில்லை. அவனுக்குக் கால் போனது மாதிரிதான், இன்றும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். பின்னால் உட்கார்ந்திருந்த என் மருமகன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. போன் பேசியதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவனே சொன்னான். போலீஸிடம் சொன்னான், தன் அம்மாவிடம் சொன்னான், கட்டிலோடு அவனைத் தூக்கிவந்தபோது எங்கள் வாசலில் நிறுத்தச் சொல்லி அக்காவிடமும் சொன்னான். அக்கா அவனைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அப்போது ஆந்திராவில் இருந்தேன். அடக்கத்துக்கு வந்து சேரவில்லை. அடுத்த வாரம் வந்து கொஞ்ச நாள் அவளோடு இருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். துக்க வீடென்று படுத்துக் கிடக்காமல் அவள் விடியற்காலை மணிக்கு எழுந்து கோயிலுக்குப் போனாள். நானும் பின்னால் போய் உட்கார்ந்தேன். பரமண்டல ஜெபத்தில் அக்காவின் குரல்தான் எப்போதும் கொஞ்சம் மேலே கேட்கும். அன்றும் கேட்டது. எங்களுக்குத் தப்புச் செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களை மன்னியும் என்று ஒரு வரி வருமே, அந்த இடத்தில் அவள் குரல் நின்றது. அந்த வரி முடிந்ததும் மறுபடி சேர்ந்துகொண்டாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும்.

பெண்கள் கவனிக்காமல் இருப்பார்களா? கோயிலை விட்டு இறங்கும்போது ஒருத்தி வாய்விட்டே கேட்டாள். "என்ன மதினி, அந்த எடம் வந்தா மட்டும் வாயி ஒட்டிக்கிருதோ?"

அக்கா நின்றாள். "ஒட்டிக்கிரல. ஆண்டவரு முன்னால நின்னு பொய் சொல்ல எனக்கு வரல. ஒனக்கு வருதா?"

கேட்டவளுக்கும் அவள் கொழுந்தனுக்கும் வரப்புத் தகராறு என்று ஊருக்கே தெரியும். அவள் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். உபதேசியார் செருப்பைத் தேடுகிறவர் மாதிரிக் குனிந்துகொண்டார். அவர் நல்ல மனிதர். அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்து மன்னிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த வசனம் வாசிக்கிற நாள்களில்கூட அவள் பக்கம் பார்க்காமல் வாசித்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன், "சொல்ல முடியலைன்னா எதுக்குக்கா தெனமும் போற?"

"இன்னிக்காவது வருதான்னு பாக்கத்தான் போறேன்" என்றாள். "வந்தாச் சொல்லுவேன். வராட்டி நாளைக்குப் போறேன்."

அந்த வருஷம் அசனம் வந்தது. அக்கா இந்தத் தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்ச் சோறும் குழம்பும் வாங்கினாள். நேரே கூட்டாளி வீட்டுக்கு நடந்தாள். வாசலில் வைத்து, "அசனச் சோறு" என்று சத்தம் கொடுத்துவிட்டு உள்ளே பார்க்காமல் திரும்பி வந்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் வந்தது. பிள்ளையைக் கொன்றவனுக்குச் சோறு கொண்டுபோகிறாயா, அதுவும் பிள்ளை பேர் வெட்டின பாத்திரத்தில் என்று கேட்டேன். "அது கோயில் சோறு. எனக்கும் அவனுக்கும் உள்ளது வேற" என்றாள். "போன வருசம் வரைக்கும் அவன் தின்ன சோறுலே. அதை நிறுத்த நான் யாரு? வேற பாத்திரத்துக்கு நான் எங்க போக?"

சாயங்காலம் அந்த வீட்டு அம்மா வாளியைக் கொண்டுவந்து வாசல் திண்டில் வைத்துவிட்டு ஓடாத குறையாகப் போனார்கள். விளக்கிப் பளபளவென்று இருந்தது. அக்கா திறந்து பார்த்தாள். வெறுமையாக இருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பமாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் நாலு வத்தலாவது, ஒரு கை உப்பாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அக்கா மூடியைத் திருகி அழுத்தி மூடினாள். "சரி. அவுகளுக்கு நம்மகிட்ட ஒண்ணும் இல்ல போல" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

அதற்கப்புறமும் ஒவ்வொரு அசனத்துக்கும் அவள் கொண்டுபோனாள், ஒவ்வொரு தடவையும் வெறும் பாத்திரம்தான் வந்தது. ஒரு வருஷம் நான் அந்த அம்மாவை பஸ் நிறுத்தத்தில் பார்த்துக் கேட்டேவிட்டேன். அவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். "எதைப்பா போட்டுக் குடுக்க, அந்த வீட்டுக்கு? எதை எடுத்தாலும் திரும்ப எடுத்த எடத்துலயே வச்சிர்றேன். ஒரு உசுரை வாங்கிட்டு உப்பைப் போட்டுக் குடுக்கவா?" இதை நான் அக்காவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த நூல் சிட்டத்தைக் கீழே வைத்தாள். "நான் வேற மாதிரில நெனைச்சிருந்தேன்" என்றாள். மறுநாள் கோயிலில் அந்த வரி அவள் வாயில் வருமென்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை.

நான் போவதும் வருவதுமாக இருந்ததால் இன்னொரு மாற்றமும் எனக்குத்தான் சட்டென்று தெரிந்தது. கோயிலில் மற்றப் பெண்கள் அந்த வரியில் குரலைத் தாழ்த்த ஆரம்பித்திருந்தார்கள். பேசி வைத்துச் செய்ததில்லை. அக்கா ஒருத்தி மட்டும் ஊமையாக நிற்பது தெரியக் கூடாது என்று யாரோ ஒருத்தி தொடங்கியிருப்பாள். வரப்புத் தகராறுக்காரியாக இருந்தாலும் இருக்கலாம். நாளாக நாளாக அந்தக் கோயிலில் அந்த வரி மூச்சு மாதிரி ஆகிவிட்டது, உதடு அசைவது தவிர ஒன்றும் கேட்காது. நான் எத்தனையோ ஊர்க் கோயில்களில் ஜெபத்தில் நின்றிருக்கிறேன், பாதி நாள் அங்கே வராந்தாவில் படுக்க இடம் கிடைக்கும் என்பதற்காக. எல்லா இடத்திலும் அந்த வரியைச் சத்தமாகத்தான் சொல்லுகிறார்கள். கேட்கும்போதெல்லாம், இவர்கள் இதை எவ்வளவு லேசாகச் சொல்கிறார்கள் என்று தோன்றும். கிருபை என்று பிரசங்கத்தில் கேட்ட பேச்செல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அந்தப் பெண்கள் குரலைத் தாழ்த்தியது மறக்கவில்லை.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரையில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். நான் வேலையை விட்டு வந்தேன். விட்டது பெரிய வேலையும் இல்லை. கோயிலுக்கு நடக்க முடியாமல் போனபின் பெண்கள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஜெபித்தார்கள். அங்கேயும் அந்த வரியில் குரல் தாழ்ந்தது, அக்காவின் வாய் மூடியே இருந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டாள். "வராமலேயே போயிருமோலே" என்று ஒரு நாள் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? "நாளைக்குப் பாரு" என்று அவள் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன்.

அந்த நிலையில் அசனம் வந்தது. "வாளிய எடுத்துக்கிட்டுப் போ. வாசல்ல வச்சிட்டு வந்துராத. ஆளு இருக்கான்னு பாத்துக் கையில குடு" என்றாள். போனேன். பயல் தொழுவில் ஆடுகளோடு இருந்தான். தாடி வளர்ந்து, முகம் காய்ந்து, என்னைவிட வயதானவன் போல இருந்தான். அக்கா வருகிற வழியில் இத்தனை வருஷமும் அவன் கால் வைத்ததில்லை. என்னைப் பார்த்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வந்தான்.

"மாமா, அத்தைக்கு எப்பிடி இருக்கு?"

"சோறு எறங்கல."

"பாலு எறங்குமா?"

நான் பதில் சொல்வதற்குள் சோற்றை வேறு பாத்திரத்தில் கொட்டி, வாளியைத் தொட்டிக்குக் கொண்டுபோய்க் கழுவினான். வெட்டின பேருக்கு மேல் அவன் பெருவிரல் திரும்பத் திரும்பப் போய்வந்தது. "ஏலே, வேணாம்லே. அவுக என்ன நெனைப்பாக" என்று அவன் அம்மா உள்ளிருந்து சத்தம் போட்டார்கள். அவன் காதில் வாங்கவில்லை. ஒரு வெள்ளாட்டைப் பிடித்து, சரியாக மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து, வாளியில் கறந்தான்.

அக்காவிடம் கொண்டுவந்து திறந்தேன். மணத்திலேயே தெரிந்துகொண்டாள். "ஆட்டுப்பாலு. யாரு கறந்தா?"

"அவன்தான்."

அவள் முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அடுப்பில் தீ இல்லை, அதைப் பற்ற வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நான் நின்றேன். கடைசியில், "காச்சிக் கொண்டா" என்றாள். தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பாதி குடித்தாள். "மிச்சத்த நீ குடி. வச்சாக் கெட்டுப் போகும்" என்றாள். குடித்தேன்.

அன்று சாயங்காலமும் பெண்கள் வந்தார்கள். நான் கட்டிலின் தலைமாட்டில் இருந்தேன். அந்த வரி வந்தது, குரல்கள் தாழ்ந்தன. அக்காவின் உதடு அசைந்தது. சத்தம் வந்ததா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. நோயாளிகள் காய்ந்த உதட்டை ஈரப்படுத்திக்கொள்வார்களே, அதுவாகவும் இருக்கலாம். குனிந்து கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்த வாரத்திலேயே அவள் போய்விட்டாள். அடக்கத்தின்போது அவன் கல்லறைத் தோட்டத்து முள்வேலிக்கு வெளியில் நின்றான். உபதேசியார் கையைக் காட்டிக் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

இந்த வருஷ அசனத்துக்கு நான் கேரளாவிலிருந்து வந்தேன். வாளியில் சோறு வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தேன். அவன் வாசலிலேயே நின்றிருந்தான். சோற்றைக் கொட்டிவிட்டு வாளியைக் கழுவிக்கொண்டு, முகத்தை நிமிர்த்தாமல் கேட்டான்.

"மாமா, அத்தை கடைசில என்னையப் பத்தி ஏதும் சொன்னாகளா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவான். வேலை கிடைப்பதற்காக, பஸ்ஸில் இடம் கிடைப்பதற்காக எத்தனையோ பொய் சொன்னவன் நான். ஆனால் அவன் கையில் அந்த வாளி இருந்தது. சொல்லாததைச் சொன்னதாகச் சொல்ல எனக்கும் வரவில்லை.

"ஒண்ணும் சொல்லல, மருமகனே" என்றேன். "நீ கறந்து குடுத்த பாலைக் குடிச்சா."

அவன் நிமிர்ந்தான். "பூராவுமா?"

"பாதி. மிச்சத்த என்னையக் குடிக்கச் சொன்னா."

அவன் ஈரம் சொட்டுகிற வாளியை எடுத்துக்கொண்டு காலை இழுத்து இழுத்துத் தொழுவுக்குப் போனான். நான் வாசலில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில், வெறும் வாளியின் அடியில் பால் விழுகிற சத்தம் கேட்டது.