பிரஷ் நுனியில் ஒரு கூடு

அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சில மாதம் தரை துடைத்தேன். அங்கே ஒல்லியான விஞ்ஞானி ஒருவர், கழிமுகச் சேற்றிலிருந்து ஒற்றைச் செல் உயிர்களின் கூடுகளைப் பொறுக்குவார். மணலைவிடப் பொடி. பிரஷ் நுனியை நாக்கில் நனைத்து ஒற்றியெடுப்பார். பக்கத்து அறையில் கோடி ரூபாய் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் இந்த எச்சிலை நம்பித்தான் காத்திருந்தது.

ஆறு மாதம் தேடி, உடையாத கூடு ஒன்று கிடைத்தது. பிரஷில் எடுத்தவர், பழக்கத்தில் அதை மறுபடி நக்கிவிட்டார்.

"ஐயோ, அது ஒண்ணுதாம்ப்பா இருந்துச்சு. எங்க போச்சு?"

"உங்க வாயிலதான் சார் கீது. முழுங்கிடாதீங்க."

வாயைத் திறந்தபடியே கிண்ணம் கேட்டுக் கைகாட்டினார். துப்பினார். சாயங்காலம்வரை லென்ஸில் தேடி, தேங்காய்ச் சட்னித் துணுக்குக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தார்.

நான் பல நாள் பட்டினி கிடந்தவன். வாய்க்குள் போனதை விழுங்காமலிருக்க ஒரு மனிதர் அவ்வளவு பாடுபட்டதை அங்கேதான் பார்த்தேன்.