மதி அக்காவின் ஜமேக்கா சூப்

இன்று முகநூலில், கனடாவில் இருக்கும் மதி அக்கா ஜமேக்கா சூப் படம் போட்டிருந்தார். பூசணி, சோளம், மாவுருண்டை. சட்டியில் ஆவி பறந்தது.

"எப்பிடிச் செய்யிறது அக்கா?" என்று கேட்டேன்.

"இன்னும் அடுப்பே மூட்டேல்லை, தங்கச்சி."

தொண்ணூற்றாறில் விசுவமடுவில், போரால் இடம்பெயர்ந்து அடுத்தடுத்த கொட்டில்களில் நானும் அவரும் இருந்தோம். மீன் போட்டுக் கூழ் காய்ச்சினால் அயலுக்கும் வார்ப்பதுதான் வழக்கம். அன்று எனக்குக் கிடைத்தது ஒரேயொரு மீன்தலை. மதி அக்கா கைக்குழந்தையோடு கோப்பை கொண்டுவந்தார். கொதிக்கிற பானையைச் சாக்கால் மூடிவிட்டு நான் அன்று சொன்னதும் "இன்னும் அடுப்பே மூட்டேல்லை" என்ற இதே வசனம்தான். கொட்டில் முழுக்கக் கூழ் வாசம்.

"அப்ப பிறகு வாறன்" என்று போனார்.

இன்று அந்த "அப்ப பிறகு வாறன்" என்பதையே நானும் பதிலாக எழுதினேன். சிரிப்புக் குறி போட்டிருக்கிறார்.

கேட்ட மற்ற எல்லாருக்கும் செய்முறை கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்துக் காய்ச்சலாம்தான். உங்களில் யாருக்கு இறங்கும்?